குற்றவியல் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் எதிர்மனுதாரருக்கு உள்ள பாதுகாப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீதிமன்ற வளாகத்தில் சட்ட உதவி மேசைக்கு வருகிறவர்களில், நிலத் தகராறு பேச வருகிறவர் தயங்காமல் பேசுவார். காசோலை வழக்கில் சிக்கியவர்கூடத் தன் தரப்பைச் சத்தமாகவே சொல்வார். அவமதிப்பு நோட்டீஸோடு வருகிறவர் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் காகிதத்தை எடுப்பார். எதிரே நிற்பது நீதிமன்றமே என்பதால் தனக்குக் கேட்க ஒன்றுமில்லை, மன்னிப்பு ஒன்றுதான் வழி என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருப்பார். அப்படி வந்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே தொகுத்திருக்கிறேன். பதில்கள் அனைத்தும் இந்தியச் சட்டத்தை ஒட்டியவை. "சட்டம்" என்று மட்டும் சொல்லும் இடங்களில் 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தைக் குறிப்பிடுகிறேன்.

அவமதிப்பு என்றால் எல்லாம் ஒன்றுதானே? குற்றவியல் அவமதிப்பு என்று தனியாக எதைச் சொல்கிறீர்கள்?

சட்டத்தின் 2-ஆம் பிரிவு அவமதிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. நீதிமன்ற உத்தரவை வேண்டுமென்றே மீறுவதும், நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே கைவிடுவதும் உரிமையியல் அவமதிப்பு. ஓய்வூதியப் பாக்கியைக் குறிப்பிட்ட நாளுக்குள் வழங்கும்படி உத்தரவிட்டும் வழங்காத அதிகாரிமீது தொடரப்படுவது இந்த வகை.

குற்றவியல் அவமதிப்பு வேறு. பேச்சாலோ எழுத்தாலோ படத்தாலோ செயலாலோ நீதிமன்றத்தின் மாண்பைக் குலைப்பது அல்லது அதன் அதிகாரத்தைத் தாழ்த்துவது, நடந்துகொண்டிருக்கும் ஒரு வழக்கின் போக்கில் தலையிடுவது, வேறு எந்த வகையிலாவது நீதி வழங்கலைத் தடுப்பது ஆகிய மூன்றும் இதில் அடங்கும். அப்படிச் செய்ய முனைவதும், அத்தகைய விளைவை உண்டாக்கும் போக்குடைய செயலும்கூட இதற்குள் வந்துவிடும் என்பதால் வரையறை மிக விரிவானது. கையிலிருக்கும் நோட்டீஸ் இந்த இரண்டில் எது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே பேசப்படும் பாதுகாப்புகளில் முக்கியமான சில குற்றவியல் அவமதிப்புக்கு மட்டுமே உரியவை.

ஒரு தீர்ப்பு தப்பு என்று முகநூலில் எழுதினேன். அதற்கே என்னை உள்ளே போட முடியுமா?

தீர்ப்பு தவறு என்று சொல்வது அவமதிப்பாகாது. விசாரித்து முடிவான ஒரு வழக்கின் தகுதியைப் பற்றிய நேர்மையான விமர்சனத்தைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு வெளிப்படையாகவே பாதுகாக்கிறது. நீதிமன்ற நடவடிக்கைகளைப் பற்றிய நேர்மையான, துல்லியமான செய்தியை 4-ஆம் பிரிவு பாதுகாக்கிறது. சிக்கல் தொடங்குவது, தீர்ப்பை விட்டுவிட்டு, நீதிபதி பணம் வாங்கிக்கொண்டு எழுதினார் என்று ஆதாரமில்லாமல் சொல்லும் இடத்தில்தான். ஆதாரம் இருந்தால் நிலைமை மாறுகிறது. 2006-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், சொன்னது உண்மை என்பதும், அதைச் சொன்னது பொதுநலன் கருதி என்பதும், அந்த வாதம் நல்லெண்ணத்தோடு எழுப்பப்படுகிறது என்பதும் நீதிமன்றத்துக்குத் திருப்தியளித்தால், உண்மையையே எதிர்வாதமாக ஏற்க 13-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. 2010-இல், ஒரு தீர்ப்பாயத்தில் நடந்த முறைகேடுகளைப் பற்றித் தலையங்கம் எழுதிய சட்ட இதழ் ஆசிரியர் ஆர்.கே. ஜெயின் மீதான அவமதிப்பு மனுவை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததோடு, மனு போட்ட சங்கத்துக்கே செலவுத்தொகை விதித்தது.

அதே 13-ஆம் பிரிவில் இன்னொரு வாசலும் உண்டு. நீதியின் போக்கில் கணிசமான அளவுக்குத் தலையிட்டாலோ, தலையிடும் போக்குடையதாக இருந்தாலோ ஒழிய, அவமதிப்புக்குத் தண்டனை விதிக்கக் கூடாது என்கிறது அது. முன்னூறு பேர் பார்த்து மறந்துபோன ஒரு பதிவு இந்த அளவுகோலை எட்டுகிறதா என்று கேட்க உங்கள் வழக்கறிஞருக்கு முழு உரிமை உண்டு.

கோர்ட்டே புகார்தாரர், கோர்ட்டே நீதிபதி என்றால் அப்புறம் நியாயம் எங்கே?

இதைக் கேட்பதே அவமதிப்பாகிவிடுமோ என்று தயங்கித் தயங்கித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஆகாது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்கக் கூடாது என்பது இயற்கை நீதியின் அரிச்சுவடி. அவமதிப்பு அதிகாரம் அந்த விதியை உரசிக்கொண்டேதான் நிற்கிறது. உச்ச நீதிமன்றத்துக்கு அரசமைப்பின் 129-ஆவது உறுப்பும், உயர் நீதிமன்றங்களுக்கு 215-ஆவது உறுப்பும் தம்மை அவமதித்தவரைத் தண்டிக்கும் அதிகாரத்தைத் தருகின்றன. சாதாரணக் குற்ற வழக்கில் புகாருக்கும் தண்டனைக்கும் இடையே காவல் துறையின் புலனாய்வு, குற்றப்பத்திரிகை, அரசு வழக்கறிஞர் எனப் பல சல்லடைகள் உண்டு. இங்கே அவை இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் இத்தகைய வழக்குகளைக் கட்டுப்படுத்தாது என்று 1950-களிலேயே, சுக்தேவ் சிங் எதிர் தேஜா சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் அதே தீர்ப்பு, நீதிமன்றம் தனக்கென ஒரு சுருக்க நடைமுறையைக் கைக்கொண்டாலும் அது நியாயமானதாக இருக்க வேண்டும், எதிர்மனுதாரருக்குத் தன்மீதுள்ள குற்றச்சாட்டு என்ன என்பது தெரிய வேண்டும், அதை எதிர்கொள்ளப் போதிய வாய்ப்பும் தரப்பட வேண்டும் என்றும் சொன்னது. 1971-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தக் குறைந்தபட்சத்தைப் பிரிவு பிரிவாக எழுதி வைத்திருக்கிறது. எழுத்தில் குற்றச்சாட்டு, முன் ஒப்புதல், இரண்டு நீதிபதிகள், காலவரம்பு ஆகியவற்றை "வெறும் டெக்னிக்கல் பாயின்ட்" என்று இளம் வழக்கறிஞர்கள் சிலர் ஒதுக்குவதைக் கேட்டிருக்கிறேன். மற்ற சல்லடைகள் எல்லாம் இல்லாத ஒரு வழக்கில், மிஞ்சியிருக்கும் சல்லடையையும் தாமே தூக்கி எறிகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என்னைப் பிடிக்காத யார் வேண்டுமானாலும் என்மேல் அவமதிப்பு வழக்குப் போட்டுவிட முடியுமா?

முடியாது. 15-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றம் குற்றவியல் அவமதிப்பைத் தாமாக முன்வந்து எடுக்கலாம். மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல் கொண்டுவரலாம். வேறு யாராவது கொண்டுவருவதென்றால் அட்வகேட் ஜெனரலின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் அந்த இடத்தில் மத்திய அரசின் வழக்கறிஞர்களான அட்டர்னி ஜெனரலோ சொலிசிட்டர் ஜெனரலோ இருப்பார்கள். சொந்தப் பகைக்கு நீதிமன்றத்தின் மாண்பைக் கருவியாக்குகிறவர்களைத் தடுக்கும் வாயில் இது. பால் தாக்கரேமீது பம்பாய் உயர் நீதிமன்றம் விதித்த தண்டனையை, ஒப்புதல் இல்லாமல் தொடரப்பட்ட மனு என்பதற்காகவே 2004-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நம் ஊர் உதாரணம் ஒன்றும் உண்டு: முத்துக்கருப்பன் எதிர் பரிதி இளம்வழுதி வழக்கில், சென்னை மாநகரக் காவல் ஆணையராக இருந்தவரை அவமதிப்புக் குற்றவாளி என்று உயர் நீதிமன்றம் அறிவித்ததை 2011-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, ஒப்புதல் பெறாதது அதற்கான காரணங்களில் ஒன்று.

இந்த வாயிலுக்குப் பக்கத்தில் ஒரு சந்தும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஒப்புதல் இல்லாமல் வந்த மனுவை வெறும் தகவலாக எடுத்துக்கொண்டு, நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்குத் தொடங்கலாம். அப்போது யாருடைய ஒப்புதலும் தேவையில்லை. 2020-இல் வழக்கறிஞர் பிரசாந்த் பூஷண் மீதான வழக்கு அப்படித்தான் தொடங்கியது. அத்தகைய தகவலை முதலில் நிர்வாகத் தரப்பில் தலைமை நீதிபதியின் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற நடைமுறையைப் பால் தாக்கரே வழக்கு வலியுறுத்தியது. சந்துக்கு ஒரு கதவாவது போட்டார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

தகராறு நடந்தது முன்சீப் கோர்ட்டில். நோட்டீஸ் ஏன் உயர் நீதிமன்றத்திலிருந்து வருகிறது?

கீழமை நீதிமன்றங்களுக்கு இந்தச் சட்டத்தின்கீழ் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அவற்றை அவமதித்தால் தண்டிக்கும் அதிகாரத்தை 10-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்குத் தருகிறது. கீழமை நீதிமன்றம் நடந்ததை எழுதி அனுப்பினாலோ அட்வகேட் ஜெனரல் கொண்டுவந்தாலோ உயர் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ளும்.

தண்டனைச் சட்டத்தின்கீழேயே அவமதிப்பாகத் தண்டிக்கக்கூடிய செயல் என்றால் உயர் நீதிமன்றம் அதை எடுக்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. உதாரணமாக, விசாரணை நடத்திக்கொண்டிருக்கும் நீதிபதியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது, முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 228-ஆம் பிரிவாகவும் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 267-ஆம் பிரிவாகவும் உள்ள தனிக் குற்றம். ஆனால் இந்த விலக்கை நீட்டிப் பார்க்கக் கூடாது. நெல்லூரிலிருந்து வெளிவந்த ஒரு தெலுங்கு வார இதழின் ஆசிரியர், ஒரு மாஜிஸ்திரேட் லஞ்சம் வாங்குகிறார் என்று எழுதிய வழக்கில், அது அவதூறுக் குற்றமும் ஆகும் என்பதாலேயே உயர் நீதிமன்றத்தின் அதிகாரம் போய்விடாது என்று 1952-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்தது.

நோட்டீஸ் வந்துவிட்டது. அதில் முதலில் எதைப் பார்ப்பது?

எல்லோரும் தேதியைப் பார்க்கிறார்கள்; நான் முதலில் தாள்களை எண்ணுவேன். 17-ஆம் பிரிவின்படி நோட்டீஸை உங்களிடம் நேரில் சேர்ப்பிக்க வேண்டும். வேறு வழியில் அனுப்புவதென்றால் நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். மனுவின்பேரில் வந்த வழக்கு என்றால் மனுவின் நகலும், அதற்கு ஆதாரமான பிரமாணப் பத்திரங்களின் நகல்களும் உடன் இருக்க வேண்டும். கீழமை நீதிமன்றம் அனுப்பியது என்றால் அதன் குறிப்புரையின் நகல் இருக்க வேண்டும். எந்த அவமதிப்பைச் செய்ததாகச் சொல்லப்படுகிறது என்பது மனுவிலோ குறிப்புரையிலோ திட்டவட்டமாக இருக்க வேண்டும் என்பது 15-ஆம் பிரிவின் கட்டளை. "நீதிமன்றத்தின் மாண்பைக் குலைக்கும் வகையில் பேசினார்" என்று மட்டும் எழுதினால் போதாது. எங்கே, எப்போது, எந்தச் சொற்களை என்று இருந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

ஒருமுறை ஒருவர் ஒற்றைத் தாளோடு வந்தார். மறுவாரம் ஆஜராக வேண்டும் என்பது தவிர அதில் படிக்க எதுவும் இல்லை. அவரோ இரண்டு பக்க மன்னிப்புக் கடிதத்தை ஏற்கெனவே எழுதி மடித்து வைத்திருந்தார். ஆஜரான நாளில் அவருடைய வழக்கறிஞர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இணைப்புகளின் நகல். நகலும் கிடைத்தது, பதிலளிக்க நான்கு வாரமும் கிடைத்தது. அதைப் படித்தபோதுதான், அவர் பேசியதாக எழுதப்பட்டிருந்த ஐந்து வாக்கியங்களில் மூன்று, அதே மேடையில் அவருக்கு முன்பு பேசியவருடையவை என்பது தெரிந்தது. மடித்து வைத்த கடிதத்தை அன்றைக்கே கொடுத்திருந்தால், தான் பேசாத பேச்சுக்கும் சேர்த்துத்தான் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

நோட்டீஸையே வாங்காமல் இருந்துவிட்டால்?

நிலைமை மோசமாகும். நீங்கள் ஓடி ஒளிய வாய்ப்புண்டு என்று நீதிமன்றம் கருதினால், 17-ஆம் பிரிவின்படி உங்கள் சொத்தை முடக்கவும் உத்தரவிடலாம். பின்னர் ஆஜராகி, ஓடி ஒளியவில்லை என்று திருப்திப்படுத்தினால் அதை விடுவிக்கலாம். அந்த அலைச்சலுக்குப் பதிலாக வாங்கிக்கொண்டு கால அவகாசம் கேட்பதே மேல்.

மூன்று வருடம் முன்பு பேசிய பேச்சை இப்போது தோண்டி எடுக்கலாமா?

அவமதிப்பு நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஓர் ஆண்டுக்குப் பிறகு வழக்கைத் தொடங்கக் கூடாது என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. "தொடங்குவது" எது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்தது. ஓர் ஆண்டுக்குள் மனு தாக்கலாகியிருந்தாலோ, தாமாக முன்வந்து எடுக்கும் வழக்கில் நீதிமன்றம் அந்தக் காலத்துக்குள் நோட்டீஸ் அனுப்பியிருந்தாலோ போதும் என்று 2001-இல் பல்லவ் ஷேத் வழக்கு தெளிவாக்கியது. ஆகவே நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். மனு தாக்கலான நாளைப் பாருங்கள்.

ஜட்ஜ் கண்ணெதிரே நடந்ததற்கு விசாரணை எதற்கு? அங்கேயே ஜெயிலுக்கு அனுப்பிவிடலாம் அல்லவா?

பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். 14-ஆம் பிரிவைப் படித்தால் அது அவ்வளவு எளிதல்ல என்று தெரியும். உயர் நீதிமன்றத்திலோ உச்ச நீதிமன்றத்திலோ நீதிபதியின் முன்னிலையில் அவமதிப்பு நடந்தால், அவமதித்தவரைக் காவலில் வைக்க உத்தரவிடலாம். ஆனால் அன்றைக்கு நீதிமன்றம் கலைவதற்குள்ளோ, அதன்பின் கூடிய விரைவிலோ நான்கு காரியங்கள் வரிசையாக நடக்க வேண்டும்: குற்றச்சாட்டை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எதிர்வாதம் செய்ய வாய்ப்புத் தர வேண்டும், தேவையான சாட்சியத்தை எடுத்து அவரைக் கேட்டபின் முடிவுக்கு வர வேண்டும், அதன் பிறகே தண்டனையோ விடுதலையோ. விசாரணை முடியும்வரை காவலில் வைத்தாலும், பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் ஜாமீனில் விட வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

காலையில் கோபத்தில் கத்தியவர் மதிய உணவு இடைவேளைக்குப் பின் கையில் எழுத்துபூர்வக் குற்றச்சாட்டோடு, பக்கத்தில் ஒரு வழக்கறிஞரோடு நிற்கும்போது இரு பக்கமும் சூடு தணிந்திருக்கும். அந்தச் சில மணி நேரத்தின் மதிப்பைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் சிலர் நீதிமன்ற அறைக்குள் புகுந்து முழக்கமிட்டபோது, அவர்களுக்குப் பதில் சொல்ல வாய்ப்பே தராமல் தண்டனை விதிக்கப்பட்டது. நடத்தை மிக மோசமானதாகச் சொல்லப்பட்டிருந்தும், நிர்ணயித்த நடைமுறையைப் பின்பற்றாத அந்த உத்தரவை 1998-இல் எல்.பி. மிஸ்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

கோபப்பட்ட அதே ஜட்ஜ்தான் என்னை விசாரிப்பாரா? வேறு ஜட்ஜ் கேட்கலாமா?

கேட்கலாம். 14-ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, வேறு நீதிபதி விசாரிக்க வேண்டும் என்று வாய்மொழியாகவோ எழுத்திலோ விண்ணப்பிக்க இடம் தருகிறது. அது நடைமுறைக்கு ஏற்றது, நீதியின் நலனுக்கு உகந்தது என்று நீதிமன்றம் கருதினால், நடந்ததைப் பற்றிய குறிப்போடு கோப்பைத் தலைமை நீதிபதியிடம் அனுப்ப வேண்டும். கேட்டால் கட்டாயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. கேட்காமல் இருந்தால் அது பரிசீலனைக்கே வராது. நீதிபதியின் முன்னிலையில் நடக்காத அவமதிப்பு என்றால், 18-ஆம் பிரிவின்படி குறைந்தது இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வுதான் விசாரிக்க வேண்டும். தனி நீதிபதி ஒருவர் 15-ஆம் பிரிவு வழக்கை முடித்துவைத்திருந்தால் அதுவே மேல்முறையீட்டுக்கு ஒரு காரணம்.

அமெரிக்காவில் இதற்கு ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்துத் தீர்ப்புச் சொல்ல வைக்கும் குழு, உண்டாமே என்று ஒரு சட்டக் கல்லூரி மாணவர் கேட்டார். கடுமையான தண்டனைக்கு வாய்ப்புள்ள குற்றவியல் அவமதிப்பில் ஜூரி விசாரணை கேட்கும் உரிமையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1968-இல் புளூம் எதிர் இல்லினாய் வழக்கில் ஏற்றது. கடுமையாக வசைபாடப்பட்ட நீதிபதியே வழக்கு முடிந்தபின் தண்டனை விதிக்கக் கூடாது, வேறு நீதிபதி விசாரிக்க வேண்டும் என்று 1971-இல் மேபெரி வழக்கில் சொன்னது. நம்மிடம் ஜூரி முறையே இல்லை. வேறு நீதிபதி என்பதும் மேலே சொன்னபடி நீதிமன்றத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டது. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் நிலை நம்முடையதைவிட வலுவானது என்பது என் கருத்து.

அப்படியானால் அந்த நீதிபதியைக் கூண்டில் ஏற்றி என் வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்வாரா?

இல்லை. வழக்கு வேறு நீதிபதியிடம் போனாலும், யார் முன்னிலையில் அவமதிப்பு நடந்ததோ அந்த நீதிபதி சாட்சியாக வர வேண்டியதில்லை. அவர் தலைமை நீதிபதிக்கு அனுப்பிய குறிப்பே சாட்சியமாக எடுத்துக்கொள்ளப்படும் என்று 14-ஆம் பிரிவே சொல்கிறது. பாதுகாப்பு மெலிந்திருக்கும் இடங்களில் இது ஒன்று. அதனால்தான் அன்று அறையில் இருந்த மற்றவர்களின் பிரமாணப் பத்திரங்கள் முக்கியமாகின்றன. நீதிபதியைக் கேள்வி கேட்க முடியாவிட்டாலும், நடந்தது வேறு விதம் என்று காட்ட வழி அடைபடவில்லை.

நான் குற்றமற்றவன் என்று நான்தான் நிரூபிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. அவமதிப்பு வழக்கு குற்ற வழக்கின் தன்மை கொண்டது. ஆகவே நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை உறுதிசெய்த நிலை. முன்பு சொன்ன முத்துக்கருப்பன் வழக்கிலும் இது பேசப்பட்டது. குற்றச்சாட்டைத் தெளிவாக வரையாமல் தண்டித்ததை 2010-இல் சகதேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

17-ஆம் பிரிவின்படி உங்கள் எதிர்வாதத்துக்கு ஆதரவாகப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யலாம். நீதிமன்றம் பத்திரங்களை மட்டும் வைத்தும் முடிவெடுக்கலாம், மேற்கொண்டு சாட்சியம் எடுத்தும் முடிவெடுக்கலாம். நடந்தது என்ன என்பதிலேயே தகராறு இருந்தால், எதிர்த்தரப்பின் பத்திரத்தில் கையெழுத்திட்டவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டு மறுக்கப்பட்டதற்கும், மனுவாகக் கேட்டு மறுக்கப்பட்டதற்கும் மேல்முறையீட்டில் எடை வேறு.

பதிலே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன? அரசமைப்பில் அப்படி ஓர் உரிமை இருக்கிறதே?

நீங்கள் சொல்வது 20-ஆவது உறுப்பின் மூன்றாம் உட்கூறு: குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது. குஜராத்தின் நடியாட்டில் 1989-இல் ஒரு தலைமை நீதித்துறை நடுவரைக் காவல் துறையினர் அடித்து, கைவிலங்கிட்டு, கயிற்றால் கட்டிய கொடுமையிலிருந்து எழுந்த டெல்லி நீதித்துறைப் பணி சங்க வழக்கில், காவல் அதிகாரிகள் இந்த வாதத்தை எழுப்பினார்கள். அவமதிப்பு வழக்கு தனித்தன்மை வாய்ந்தது, அதில் நோட்டீஸ் பெற்றவர் "குற்றம் சாட்டப்பட்டவர்" ஆகமாட்டார், எனவே அந்தப் பாதுகாப்பு பொருந்தாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நிரூபிக்கும் அளவுகோலுக்கு மட்டும் குற்ற வழக்கு, மௌனத்துக்கு மட்டும் குற்ற வழக்கில்லை என்பது எனக்கு இன்றும் இடறுகிறது. ஆனாலும் சட்டத்தின் நிலை அதுதான். மௌனத்தை நம்பாமல், சொல்ல வேண்டியதை அளந்து சொல்லும் பிரமாணப் பத்திரத்தை நம்புவதே நல்லது.

மன்னிப்புக் கேட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்கிறார்களே?

முடியலாம். நீதிமன்றத்துக்குத் திருப்தியளிக்கும் மன்னிப்பை ஏற்று விடுவிக்கவோ தண்டனையைக் குறைக்கவோ 12-ஆம் பிரிவு இடம் தருகிறது. நல்லெண்ணத்தோடு கேட்ட மன்னிப்பை, அது நிபந்தனையோடு கூடியது என்ற காரணத்துக்காக மட்டும் நிராகரிக்கக் கூடாது என்ற விளக்கமும் அதில் உண்டு. "நான் அப்படிச் சொல்லவில்லை, சொன்னதாக நீதிமன்றம் கருதினால் வருந்துகிறேன்" என்ற வாக்கியத்துக்கு இடமிருப்பது இந்த விளக்கத்தால்தான்.

ஆனால் செய்தது சரி என்ற வாதமும் மன்னிப்பும் ஒரே மூச்சில் செல்லாது என்று 1954-இல் நாக்பூர் வழக்கறிஞர்கள் தொடர்பான எம்.ஒய். ஷெரீப் வழக்கு சொன்னது. எனவே எந்தப் பாதை என்பதை முதலில் தீர்மானியுங்கள். ஒற்றைத் தாளோடு வந்தவரைப் பற்றி மேலே சொன்னதை நினைவில் கொண்டு, குற்றச்சாட்டைப் படிப்பதற்கு முன் மன்னிப்பை எழுதாதீர்கள்.

அதிகபட்சம் எவ்வளவு தண்டனை? வழக்கறிஞர் என்றால் தொழிலே போய்விடுமா?

12-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சாதாரண சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நடைமுறையில் தண்டனைகள் வேறுபடும். எழுத்தாளர் அருந்ததி ராய்க்கு 2002-இல் ஒரு நாள் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும், பிரசாந்த் பூஷணுக்கு 2020-இல் ஒரு ரூபாய் அபராதமும், உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த சி.எஸ். கர்ணனுக்கு 2017-இல் ஆறு மாதமும் விதிக்கப்பட்டன. உச்ச நீதிமன்றம் தன் அரசமைப்பு அதிகாரத்தை இந்த வரம்பு கட்டுப்படுத்தாது என்று கருதிய சந்தர்ப்பமும் உண்டு: 2002 குஜராத் கலவரக் கொலைகள் தொடர்பான பெஸ்ட் பேக்கரி வழக்கில் பிறழ்ந்த முக்கியச் சாட்சிக்கு 2006-இல் ஓராண்டுச் சிறையும் 50,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது.

வழக்கறிஞரின் உரிமத்தை அவமதிப்புத் தண்டனையாகப் பறிக்க முடியாது; அது பார் கவுன்சிலின் வேலை என்று 1998-இல் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சங்க வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் குறிப்பிட்ட நீதிமன்றத்தில் ஆஜராவதைத் தடுக்கும் அதிகாரம் வேறு. அதை நீதிமன்றங்கள் பயன்படுத்தியிருக்கின்றன.

தண்டித்துவிட்டார்கள். மேல்முறையீடு உண்டா?

உயர் நீதிமன்றம் தண்டித்திருந்தால் மேல்முறையீடு உங்கள் உரிமை. யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. 19-ஆம் பிரிவின்படி தனி நீதிபதி தண்டித்திருந்தால் அதே உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வுக்கு 30 நாளுக்குள்ளும், அமர்வே தண்டித்திருந்தால் உச்ச நீதிமன்றத்துக்கு 60 நாளுக்குள்ளும் போக வேண்டும். மேல்முறையீடு முடியும்வரை தண்டனையை நிறுத்திவைக்கவும், சிறையில் இருந்தால் ஜாமீன் தரவும் அதே பிரிவில் வழி உண்டு. உச்ச நீதிமன்றமே முதல் முறையாக விசாரித்துத் தண்டித்தால் அதற்கு மேல் நீதிமன்றம் இல்லை. 30 நாளுக்குள் சீராய்வு மனு போடலாம், பெரும்பாலும் அதே நீதிபதிகளே அதைப் பார்ப்பார்கள். இந்த ஏற்பாட்டின் மிகப் பலவீனமான கண்ணி என்று நான் கருதுவது இதைத்தான்.

என்னை விடுவித்துவிட்டார்கள். புகார் கொடுத்தவர் மேல்முறையீடு போவேன் என்கிறார். விடமாட்டாரா?

19-ஆம் பிரிவின்கீழ் அவரால் போக முடியாது. அவமதிப்பு என்பது நீதிமன்றத்துக்கும் நோட்டீஸ் பெற்றவருக்கும் இடையிலான விஷயம்; தகவல் தந்ததோடு புகார்தாரரின் பங்கு முடிந்துவிடுகிறது. தண்டிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தி இட்ட உத்தரவுக்கே மேல்முறையீடு என்பதால், வழக்கைத் தொடங்க மறுத்ததற்கும் விடுவித்ததற்கும் அந்தப் பிரிவு உதவாது என்று 1970-களில் பரதகாந்த மிஸ்ரா வழக்கும் 2006-இல் மிட்னாபூர் மக்கள் கூட்டுறவு வங்கி வழக்கும் தெளிவாக்கியுள்ளன. அரசமைப்பின் 136-ஆவது உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் சிறப்பு அனுமதி கோரும் வழி மட்டும் அவருக்குத் திறந்திருக்கும். அது உரிமையாகக் கிடைப்பதல்ல. உச்ச நீதிமன்றம் மனம் வைத்தால் மட்டுமே.